வில்லுக்காரியின் இடது கண்

மாமா இருந்தார். அம்மாவுக்குத் தம்பி. பாயில் கால் மடக்கி உட்கார்ந்து, ஒரு அட்டைப்பெட்டி மூடியைத் தனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்திருந்தார். மூடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

கங்காணி மகன் இருந்தான். எங்களில் மூத்தவன். பாயில் உட்கார மாட்டான். அவனுக்கு ஒரு பலகைக்கட்டை போட வேண்டும்.

கடைக்கார மகள் இருந்தாள். ரோட்டோரச் சில்லறைக்கடை முதலாளியின் மகள், சிங்களப் பிள்ளை. எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். அவசரம் வந்தால் பாதியில் சிங்களத்துக்குப் போய்விடுவாள்.

நான் இருந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். லயத்து வீடு ஒரே காம்பரா, அந்த ஒரு அறைதான். அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பழைய சேலை தொங்கியது. அதனால் அம்மாவும் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வில்லுக்காரி இருந்தாள். அவள் ஒரு ரப்பர் கொட்டை.

அப்பா கொழும்பில் கட்டட வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அவரைச் சேர்க்கவில்லை.

வெளியே மழை. கரவனெல்லப் பக்கத்து மழை. தொடங்கினால் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் வெட்டு இல்லை. மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குப் போகாது, மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும், ஒரு நாள் சம்பளம். மழை நாளில் பேர் கிடையாது. பெரியவர்கள் வாசலுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஏசுவார்கள். நாங்கள் அதே வானத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று கும்பிடுவோம். இரண்டும் ஒரே தகரத்துக்கு அடியிலிருந்துதான் மேலே போனது. எதைக் கேட்பது என்று சாமிக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

மழை நாள்தான் ஆட்ட நாள்.

ஆட்டம் மாமா கொண்டுவந்தது. அவர் கொழும்பில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்றார். கடைக்குள் வெள்ளம் வந்தது. நனைந்த பெட்டிகளைக் குப்பையில் போடச் சொன்னார் முதலாளி. அதில் ஒன்றை மாமா தோளில் வைத்து பஸ் ஏறி வந்துவிட்டார். வேலையும் அத்தோடு முடிந்தது. பெட்டி மூடியில் இறக்கை முளைத்த ஒரு பெரிய பல்லி நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் பல்லி என்றே சொன்னோம்.

உள்ளே ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகம். தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. இருபது முகம் உள்ள பச்சைப் பகடை ஒன்று. ஆறு முகப் பகடை ஒன்று. ஆள் பொம்மைகள் வெள்ளத்தோடு போய்விட்டன. அதனால் ஆளுக்கொரு ரப்பர் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டோம். ரப்பர் கொட்டை மினுமினு என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் புள்ளியும் கோடும் வேறு வேறு. மாற்றி எடுக்க முடியாது. யாருடைய கொட்டை யாருடையது என்று இருட்டிலும் சொல்வோம்.

மாமாவுக்கு அந்தப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் வாசிக்கிற அளவுக்குத்தான் இங்கிலீசு. ஆனால் கடைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு, பணக்காரப் பையன்கள் கூடி இதை ஆடுவார்களாம். அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு மாமா அங்கேயே நிற்பார். அப்படிப் பார்த்துப் படித்ததுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். பெரிய எண் என்றால் நல்லது.

கங்காணி மகன் ராஜா. வேறு எதுவாகவும் இருக்க மாட்டேன் என்றான். கடைக்கார மகள் மந்திரக்காரி. நான் வில்லுக்காரி.

மாமா மெதுவாகத்தான் கதை சொல்வார். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே அவர் குரல் எழும்பாது. நாங்கள் கிட்டக் கிட்டப் போய் உட்காருவோம். பனி வாசல்படி வரை வந்து நிற்கும். ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகை அதோடு கலந்து வரும். சிறிது நேரத்தில் வீடு எது, காடு எது என்று தெரியாது. கதைக் காட்டு மரங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை கட்டியிருந்தது. மாமா அப்படிச் சொல்லவில்லை. எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. சிரட்டை நிறைய வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வில்லுக்காரி முன்னால் போவாள். அவளுக்குக் காலில் செருப்பு இருந்தது. அது நான் கேட்டு வாங்கியது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இடது கண் தெரியாது.

முந்தின வருடம் பட்டை வெட்டும்போது ஒரு சிராய் தெறித்து உள்ளே போனது. அம்மா தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மிச்ச மரத்தை வெட்டப் போனாள். பிறகு வீங்கியது. பிறகுதான் ஆஸ்பத்திரி. வெளியே பார்க்க நல்ல கண் மாதிரியே இருக்கும். உள்ளே விளக்கு இல்லை. தோட்டத்தில் காய்ச்சல் என்று சொன்னோம். ஒற்றைக் கண் என்று தெரிந்தால் வெட்டுக் கத்தியை வாங்கிவிடுவார்கள். புல் வெட்ட அனுப்புவார்கள். அது கிழமைக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ, அதுவும் அரைப்பேர்.

இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மாவின் கண்ணைப் பற்றி வெளியே பேசக் கூடாது. வெளியே பேசக் கூடாதது வேறு எத்தனையோ இருந்தது. அரிசி முடிந்ததைப் பேசக் கூடாது. அப்பா போன் எடுக்காததைப் பேசக் கூடாது. அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

அன்று நாங்கள் பல்லியின் குகைக்கு வந்துவிட்டோம். மழை பிடித்த நாளிலிருந்து அங்கே போகத்தான் நடந்தோம்.

"பல்லி திரும்பிப் பாக்குது," என்றார் மாமா. "வில்லுக்காரிதான் முன்னுக்கு நிக்கிறா. வாயத் தொறக்குது."

மூடிக்குப் பின்னால் பகடை உருண்டது. மாமா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினேழு. தப்பிச்சிட்டா."

மாமாவுக்குப் பின்னால் சுவரில் அப்பா சவரம் செய்யும் கண்ணாடி தொங்கியது. ஆணி சரியில்லாமல் முன்னால் சாய்ந்து தொங்கும். அதில் மூடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. கண்ணாடியில் எண்கள் திரும்பித் தெரியும். ஒன்று மட்டும் எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான்.

"கள்ளாட்டம்!" என்று கத்தினேன். "விழுந்தது ஒன்னு!"

மாமா என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அது ஒன்னோட ஆளுடி."

"இருக்கட்டும். ஒன்னுன்னா ஒன்னுதான்."

எனக்கு ஸ்கூலில் வேறு ஒன்றும் வராது. எண்ண வரும். வாய்ப்பாடு தண்ணீர் மாதிரி வரும். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்துவது அதற்கு மட்டும்தான். எண்ணில் ஒருவர் பொய் சொன்னால் எனக்கு உடம்பு எரியும்.

"சரியா எண்ணுனா நட்டம் ஒனக்குத்தான்," என்றார் மாமா மெதுவாக.

கங்காணி மகன் பலகைக்கட்டையிலிருந்து எழும்பிவிட்டான். "மூடியத் தூக்குங்க மாமா."

தூக்கினார். ஒன்று.

அதற்கு முன்னால் எத்தனை தடவை ஒன்று விழுந்தது என்பது மாமாவுக்கும் அந்த மூடிக்கும்தான் தெரியும்.

ஒன்று விழுந்தால் ஆறாத காயம். கொழும்புப் பையன்கள் ஒன்று விழுந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்களாம். எங்கே காயம் என்று ஆறு முகப் பகடை சொல்லும். ஒன்று கால், இரண்டு கை, மூன்று கண், நான்கு காது, ஐந்து விரல், ஆறு என்றால் தழும்பு மட்டும். முதல் நாளே பேசி, எல்லாரும் சரி என்று சொன்னது. நானும் சொன்னேன். அப்போது வில்லுக்காரிக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன்.

உருட்டினேன். மூன்று.

மாமா வில்லுக்காரியைக் கையில் எடுத்தார். ஆணியால் அவள் இடது பக்கத்தில் ஒரு கீறல் போட்டார். கொட்டையின் மினுமினுப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. பாயில் வைத்தார்.

"அனே, பவ்!" என்றாள் கடைக்கார மகள். பாவம் என்று அர்த்தம். ஹரி என்றால் சரி. "என்கிட்ட மருந்து இருக்கு. ஊத்துறேன். ஹரியா?"

"ஊத்தலாம்," என்றார் மாமா. "ரத்தம் நிக்கும். கண்ணு வராது. மருந்துல எல்லாம் திரும்பி வந்தா அப்புறம் பல்லிக்கு யாரு பயப்புடுவா? சும்மா கோழி புடிக்கிற மாதிரிப் போய்ப் புடிச்சுக்கிட்டு வந்துரலாமே."

கங்காணி மகன் தொண்டையைச் செருமினான். அவன் அப்பா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அப்படித்தான் செருமுவார்.

"கண்ணு போனா வில்லை வாங்கிரணும்," என்றான். "கூட வரட்டும். மூட்டை தூக்கட்டும். பகடைக் கட்டையில என்ன விழுந்தாலும் பாதி. பத்து விழுந்தா அஞ்சு. அரைப்பேர். எங்கப்பா அப்படித்தான் போடுவாரு. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அவன் கெட்டவன் இல்லை. நியாயமாகத்தான் பேசினான். அவனுக்குத் தெரிந்த நியாயம் அதுதான். எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததும் அதுதான். கொழும்புப் பையன்களுக்கு அரைப்பேர் தெரிந்திருக்காது. அவர்கள் வேறு ஏதாவது செய்திருப்பார்கள்.

மாமா புத்தகத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் தலைக்குக் கட்டுப் போட்ட ஒரு ஆளின் படம் இருந்தது. அதைப் பற்றி எழுதியிருந்த பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டியிருந்தது. பிரிக்கப் பார்த்தார். கிழிந்து வந்தது.

"போச்சு," என்றார். "வேற ஆள எடுத்துக்கிறியா? புதுக் கொட்டை, ரெண்டு கண்ணும் இருக்கும்."

"எனக்கு இவதான் வேணும்."

"அப்ப அரைப்பேர்," என்றான் கங்காணி மகன்.

"முழுப்பேர்!"

"ஒத்தக் கண்ணால எப்படிடி அம்பு விடுவா? கிட்ட எது, தூர எதுன்னு தெரியாது. ஒரு கண்ண மூடிக்கிட்டு நீ ஊசியில நூல் கோத்துக் காட்டு பாப்போம்."

ஒரு கண்ணை மூடினேன். அட்டை மூடி, மாமா, கங்காணி மகன், எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிய படம் மாதிரி இருந்தது. அவன் சொன்னது சரி. அதனால்தான் கோபம் வந்தது.

"ஒத்தக் கண்ணால எல்லா வேலையும் செய்யலாம்!" என்றேன். "செய்யிறாங்க! எங்க..."

அடுப்படியில் எதுவோ விழுந்தது. தட்டு. தகரத் தட்டு சிமெந்துத் தரையில் சுற்றிச் சுற்றி ஓய்வதற்கு நேரம் எடுக்கும். அது ஓய்ந்தது. சேலையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் தேத்தண்ணி. ஒவ்வொரு கோப்பையையும் பாயில் வைப்பதற்கு முன்னால் இடது கை விரலால் பாயைத் தொட்டாள். தொட்ட இடத்தில் வைத்தாள். அம்மா எப்போதும் அப்படித்தான் வைப்பாள். எனக்கு அது அம்மாவின் மரியாதை மாதிரி இருந்தது.

"என்ன சத்தம்?"

எல்லாரும் ஒன்றாகச் சொன்னோம். அம்மா கேட்டாள். வில்லுக்காரியை எடுத்து அந்தக் கீறலைப் பெருவிரலால் தடவினாள்.

"பேரை மொதல்லயே வெட்டிட்டீங்களே," என்றாள் கங்காணி மகனிடம். "அவ இன்னும் ஒரு வேலையும் செய்யலியே தம்பி. செஞ்ச பெறகுல்ல பேரு போடணும்?"

"எப்படி அத்தே செய்வா? தூரம் தெரியாதே."

"தெரியாது. அம்பு தூரத்துக்குப் போகாதுதான். அது போனது போனதுதான்." அம்மா கொட்டையைப் பாயில் வைத்தாள். "ஆனா கிட்டப் போயி, இந்தக் கையால தொட்டு வச்சுக்கிட்டு, அந்தக் கையால வெட்டலாம். தொட்டா எடம் தெரியும். ஆழம் தெரியும். நேரம் போகும். மத்தவங்க ரெண்டு வெட்டுற நேரத்துல அவ ஒன்னு வெட்டுவா. அவ்வளவுதான். வெட்டுனா முழு வெட்டு."

மாமா அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடியைத் தட்டினார்.

"ஹரி. அதுதான் சட்டம். ஒரு ஆட்டம் தொடணும். அடுத்த ஆட்டம் வெட்டணும். வெட்டுறப்போ கட்டையில விழுறது முழுசா அவளுக்கு. தூரத்து அம்பு இனிக் கெடையாது."

"அது சரி," என்றாள் கடைக்கார மகள். எனக்கும் சரியாக இருந்தது. வில்லுக்காரிக்கு அம்பு போய்விட்டது. வில்லுக்காரி இருந்தாள்.

கங்காணி மகன் யோசித்தான். அவனால் ஒரு சட்டத்தை யோசிக்காமல் விட முடியாது.

"அத்தே, இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா வாசலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

கங்காணி நின்றார். மகனைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். கறுப்புக் குடை. காக்கி அரைக் களிசான், முழங்கால் வரை இழுத்த மேசுக் காலுறை. பனியில் அவருடைய பாதங்கள் தெரியவில்லை. மிதந்துகொண்டு நிற்பது மாதிரி இருந்தது. எப்போது வந்தார் என்று தெரியாது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருக்கு முன்னால் நல்ல பெரிய குட்டையாகத் தேங்கியிருந்தது.

"தொட்டுட்டு வெட்டணுமோ?" என்றார்.

"சும்மா புள்ளைங்க வெளையாட்டுக்குச் சொன்னதுங்கண்ணே," என்றாள் அம்மா.

"ம்."

அவர் எவ்வளவு பேசினாலும் கடைசியில் ஒரு ம் போடுவார். அன்று அது மட்டும்தான். மகனைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவன் தேத்தண்ணி அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துக் குடிக்கப்போய், குடிக்காமல் வைத்தாள். வைக்கும்போது பாயைத் தொடவில்லை. கோப்பை கவிழ்ந்தது.

மாமா ஏதோ சொன்னார். அம்மா, "விடுடா" என்றாள். பிறகு கல்லை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டினாள். தீட்டிய கத்தியையே திரும்பத் தீட்டினாள். நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் கண் சொக்கியது. காட்டுக்குள் வில்லுக்காரி போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மரமாகத் தொட்டாள். தொட்ட மரம் எல்லாம் பால் விட்டது. பல்லி ஒரு மரத்தடியில் சுருண்டு படுத்து நக்கிக் குடித்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்கும் ஒரு கண்தான்.

அதற்குப் பிறகு ஒரு காலை மழை விட்டது. பட்டை காய்ந்திருந்தது. ஸ்கூல் விடுமுறை. நான் அம்மாவோடு மலைக்குப் போனேன். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய பால் நாடாவை இழுத்து எடுப்பது என் வேலை. ஒட்டுப்பால் என்போம். ரப்பர் வாசத்தோடு நீளமாக உரிந்து வரும். எனக்குப் பிடித்த வேலை அது.

அம்மா வெட்டினாள். இடது பெருவிரலைப் பழைய வெட்டின் மேல் வைப்பாள். அது சறுக்கிக்கொண்டு போகும். பின்னாலேயே கத்தி போகும். மெல்லிய சுருள் விழும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு கோடு முழுக்க வெள்ளை ஊறும். பனிக்குள் எல்லாப் பக்கமும் அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மற்றப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

கங்காணி கீழிருந்து வந்தார். கையில் பிரம்பு. அவர் அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வருவதில்லை. அம்மா கும்பிட்டாள்.

"வெட்டுங்க தங்கச்சி," என்றார்.

அம்மா தொட்டாள். வெட்டினாள். அடுத்த மரம். தொட்டாள். வெட்டினாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கிச் சொன்ன மாதிரித்தான்," என்றார்.

"பழக்கமுங்க."

"ம்."

பிறகு ஓடையிலிருந்து பாறை வரைக்கும் உள்ள வரிசையில் ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். காயம் தேடினார். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை பழையபடி வளராது, முடிச்சு விழும், பிறகு அங்கே பால் வெட்ட முடியாது. காயம் கூடினால் கத்தியை வாங்கிவிடுவார்கள். இது எனக்கும் தெரியும். தோட்டத்தில் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும்.

நானும் அவர் பின்னால் போனேன். எண்ண ஏதாவது கிடைத்தால் விட மாட்டேன். சின்னக் கறுப்பு வாய் மாதிரி இருக்கும் காயம். முதல் மரத்தில் ஒன்று. மூன்றாவதில் இரண்டு. அவர் பிரம்பு நுனி ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று போனது. நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எல்லாம் உயரத்தில், போன வருடம் வெட்டிய இடத்தில் இருந்தன. கீழே வர வரப் பட்டை வழுவழு என்று இருந்தது. பாறை வந்தது.

"ரெண்டு," என்றார் கங்காணி.

எனக்கு உடம்பு எரிந்தது.

"ரெண்டு இல்லீங்க," என்றேன்.

அவர் திரும்பினார். தூரத்தில் அம்மா அடுத்த மரத்தில் பெருவிரலை வைத்திருந்தாள். கத்தி போகவில்லை. கத்தி பட்டைக்கு முன்னால் அப்படியே நின்றது.

"அப்ப எத்தன பாப்பா?"

எனக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது. கவுன் பைக்குள் கை விட்டேன். வில்லுக்காரி இருந்தாள். கீறல் விரலில் பட்டது. சரியாக எண்ணினால் நட்டம் என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. அன்று சரியாக எண்ணினேன். ஒரு கண் போனது. இன்று சரியாக எண்ணினால் இன்னொரு கண் போகும் என்று தோன்றியது. யாருடைய கண் என்று நான் யோசிக்கவில்லை. வில்லுக்காரியுடையது என்றுதான் நினைத்திருப்பேன்.

"தெரியலீங்க," என்றேன். "நான் எண்ணல."

அவர் பிரம்பை மரத்திலிருந்து எடுத்தார்.

"ஸ்கூலுக்கு ஒழுங்காப் போ," என்றார். "எண்ணப் பழகு."

பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். பனி அவரை எடுத்துக்கொண்டது. அம்மாவின் கத்தி மறுபடி போகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, கங்காணிக்கு எண்ணத் தெரியாதா?"

அம்மா சிரித்தாள். வாளியில் பால் தளும்புகிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். இரண்டு கண்ணிலும்தான் தண்ணீர் வந்தது. தெரியாத கண்ணிலும் வருகிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

எண்ணத் தெரியாத ஒருவரைக் கங்காணி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று பல நாள் நினைத்தேன். அவர் மகன் மேல் இரக்கம் வந்தது. அப்பாவுக்கே இரண்டுக்கு மேல் எண்ண வராது, இவன் எங்கே பாஸ் பண்ணப்போகிறான் என்று.

அடுத்த மழைக்கு அவன் வந்தான். பலகைக்கட்டையில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"எங்கப்பா கேக்கச் சொன்னாரு," என்றான். "ஒன்னோட வில்லுக்காரி இன்னும் இருக்காளான்னு."

"இருக்கா," என்றேன்.

"முழுப்பேரா?"

"முழுப்பேர்."

"சரி. அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

இவ்வளவு பெரிய மனிதர் எங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை. சேலைக்குப் பின்னால் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. மாமா மூடியை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு நான் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன். அந்த மழையிலேயே பல்லி செத்தது. ராஜா தள்ளிப் பிடிக்க, மந்திரக்காரி வெளிச்சம் காட்ட, வில்லுக்காரி ஒரு ஆட்டம் தொட்டு, ஒரு ஆட்டம் வெட்டி. பகடையில் என்ன விழுந்தது என்று நான் கேட்கவில்லை. மாமா சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

நான் எட்டோடு ஸ்கூலை விட்டேன். மாமா கல்யாணம் கட்டி எஹலியகொடப் பக்கம் போனார். கங்காணி போய்ச் சேர்ந்தார். அவரிடம் கேட்பதற்கு ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

அம்மா கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஓடையிலிருந்து பாறை வரைக்கும் உள்ள அந்த வரிசை இப்போது என் பேரில் இருக்கிறது. மரங்களுக்கு வயது போய்விட்டது. இன்னும் பால் தருகின்றன. காயம் பட்ட இடமெல்லாம் முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. கத்தி அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும்.

போன கிழமை மழை விட்ட காலையில் முடிச்சுகளைத் தடவி எண்ணிக்கொண்டு போனேன். முதல் மரத்திலிருந்து பாறை வரைக்கும்.

ஏழு.